முன் கண்ணாடி வெடித்தால் செலவு யார் தலையில்?



கட்டுகஸ்தோட்டை இரண்டு பெரும் வீதிகள் சந்திக்கும் ஊர். கண்டியிலிருந்து வரும் ஏ 9 வீதி இவ்வூரைக் கடந்து அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் வரை போகிறது. இங்கிருந்தே பிரியும் ஏ 10 வீதி கலகெதர, குருநாகல் வழியாகப் புத்தளத்தைச் சென்றடைகிறது. இந்த இரு வீதிகளிலும் கருங்கல்லும் மணலும் ஏற்றிய லொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. முன்னால் போகும் லொறியின் டயரில் சிக்கிய ஒரு சிறு கல் தெறித்து வர ஒரு விநாடி கூட ஆகாது. ‘டக்’ என்று ஒரு சத்தம். பார்த்தால் காரின் முன் கண்ணாடியில் மிளகளவு ஒரு பொட்டு!

“இது ஒன்றும் பெரிதில்லை, பிறகு பார்க்கலாம்” என்று வீட்டுக்காரர் சொல்வார். நாமும் தலையாட்டி விடுவோம். இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்தப் பொட்டிலிருந்து ஒரு கோடு கிளம்பி கண்ணாடியின் பாதி தூரம் ஓடியிருக்கும். சில ஆயிரம் ரூபாவோடு முடிந்திருக்க வேண்டிய காரியம், மாதச் சம்பளத்தையே விழுங்கும் செலவாகி நிற்கும். பிள்ளைகளின் வகுப்புக் கட்டணமா, கண்ணாடியா என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து விடும்.

“வாகனம் ஆண்களின் விஷயம், எங்களுக்கெதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாகனத்தில் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போவது நீங்கள்தானே! வாகனத்தின் பத்திரங்கள் இருப்பதும் உங்கள் அலுமாரியில்தானே! கணவர் கொழும்பிலோ, கட்டாரிலோ, சவூதியிலோ இருக்கும் வீடுகளில் இப்படியொரு காரியம் நேர்ந்தால் முடிவெடுக்க வேண்டியவளும் நீங்கள்தான். ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இது சாதாரணக் கண்ணாடி அல்ல

காரின் பக்கக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு போலச் சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சூடேற்றிச் சட்டென்று குளிர வைத்துக் கடினமாக்கிய கண்ணாடி. முன் கண்ணாடி அப்படியல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டிச் செய்யப்பட்டது. கல் பட்டால் வெளித்தகடு வெடிக்கும். நடுவிலுள்ள படலம் துண்டுகளைச் சிதற விடாமல் பிடித்துக் கொள்ளும்.

இதன் வரலாறு சுவையானது. 1903ஆம் ஆண்டு எதுவார் பெனெதிக்தஸ் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் தமது ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கைதவற விட்டார். குடுவை வெடித்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே இருந்த ஒரு திரவம் காய்ந்து, கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய தோல் போல ஒட்டியிருந்ததே காரணம். அந்தக் காலத்தில் கார் விபத்துகளில் கண்ணாடித் துண்டுகள் முகத்தைக் கிழிப்பது வழக்கமாக இருந்தது. இந்த அனுபவத்தை வைத்து அவர் சிதறாத கண்ணாடியை உருவாக்கி 1909இல் உரிமம் பெற்றார்.

இன்றைய கார்களில் முன் கண்ணாடிக்கு இன்னும் சில வேலைகள் இருக்கின்றன. கார் புரண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பல கார்களில் முன்னிருக்கைக்காரரின் காற்றுப் பை விரியும்போது இந்தக் கண்ணாடியில்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. கண்ணாடி பலவீனமாக இருந்தாலோ, சரியாக ஒட்டப்படாமல் இருந்தாலோ இந்தப் பாதுகாப்பு குறைந்து போகும். அதனால்தான் இதை அழகுக் குறைபாடாக நினைத்துத் தள்ளிப் போடக் கூடாது என்கிறோம்.

பொட்டு ஏன் கோடாகிறது?

கண்ணாடி வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். வெடிப்பு இருக்கும் இடத்தில் இந்த விரிவும் சுருக்கமும் அதை இழுத்து நீட்டும். கண்டிப் பக்கத்துக் காலைகள் குளிர்ந்தவை. மதியமோ வெயில் கொளுத்தும். வெயிலில் நிறுத்தியிருந்த காரில் ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் போட்டு முன் கண்ணாடிக்குத் திருப்பி விடுகிறோம். சூடேறிய கண்ணாடியில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறோம். நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் ஜனவரி, பெப்ரவரிக் காலையில் உறைபனியைக் கரைக்கச் சுடுதண்ணீர் ஊற்றுவதும் உண்டு. இவை எல்லாம் வெடித்த கண்ணாடிக்கு ஆகாதவை. கதவுகளைப் படார் என்று சாத்துவதும், குழி விழுந்த பாதையில் வேகமாகப் போவதும் அப்படியே.

முதல் நாள் செய்ய வேண்டியவை

கல் பட்டதும் பதறி நடுவீதியில் பிரேக் போட வேண்டாம். பாதுகாப்பான ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் இரண்டு மூன்று படங்கள் எடுங்கள். ஒன்று பொட்டைக் கிட்டத்திலிருந்து. ஒன்று இலக்கத் தகடு தெரியும்படி முழு வாகனத்தை. ஒன்று நிற்கும் இடத்தை. நேரத்தையும் இடத்தையும் குறித்து வையுங்கள்.

வெடிப்பின் மேல் தெளிவான செலோ டேப் ஒரு துண்டை ஒட்டி விடுங்கள். தூசியும் மழைநீரும் உள்ளே போகாமல் இருந்தால்தான் பிறகு திருத்த முடியும். பற்பசை தடவுவது, நகப்பூச்சுப் பூசுவது, பசை ஊற்றுவது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். இவை உள்ளே புகுந்து விட்டால் திருத்துகிறவருக்கு வேலை கெட்டு விடும்.

பிறகு பொட்டை அளந்து பாருங்கள். ஒரு நாணயத்தை விடச் சிறியதாக, கண்ணாடியின் விளிம்பிலிருந்து தள்ளி, சாரதியின் நேர்ப் பார்வையில் படாத இடத்தில் இருந்தால் பெரும்பாலும் திருத்தலாம். பொட்டுக்குள் ஒரு வகைப் பிசினைச் செலுத்தி, புற ஊதாக் கதிர் விளக்கினால் இறுக வைப்பார்கள். அரை மணி, ஒரு மணி நேர வேலை. அடையாளம் இலேசாகத் தெரியும். ஆனால் கோடு ஓடுவது பெரும்பாலும் நின்று விடும். கோடு நீளமாக ஓடி விட்டாலோ, விளிம்பைத் தொட்டு விட்டாலோ, சாரதியின் கண்ணுக்கு நேராக இருந்தாலோ, உள் தகடும் வெடித்திருந்தாலோ கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

எதைச் செய்வதானாலும் ஒன்றை மறந்து விடாதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் கண்ணாடியில் கை வைக்க விடாதீர்கள்! பழைய கண்ணாடியைக் கழற்றிப் போட்ட பிறகு “வெடித்திருந்தது” என்று சொன்னால், பார்க்காத நிறுவனம் பணம் தரத் தயங்கும்.

அலுமாரியில் இருக்கும் பத்திரம்

நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை வீதியில் இறக்க முடியாது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனாலும் அதைக் கேட்பார்கள். ஆனால் ‘தேர்ட் பார்ட்டி’ என்று நாம் சொல்லும் இந்தக் காப்புறுதி, நமது வாகனத்தால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது. நமது கண்ணாடி வெடித்தால் அதிலிருந்து ஒரு சதம் கூட வராது. ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ எனப்படும் முழுக் காப்புறுதி இருந்தால்தான் நமது கண்ணாடிக்கு வழியுண்டு. லீசிங்கில் எடுத்த வாகனமானால் முழுக் காப்புறுதி இருக்கும். அந்த நிறுவனங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்கும்.

முழுக் காப்புறுதி இருக்கிறது என்பதோடு நிம்மதியாக இருந்து விட முடியாது. பத்திரத்தைப் பிரித்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, முன் கண்ணாடிக்கென்று தனியாக ஒரு தொகை எழுதியிருக்கிறதா? பல பத்திரங்களில் கண்ணாடிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. சில வருடங்களுக்கு முன் போட்ட அந்த வரம்பு இன்றைய விலைக்குப் போதாமல் இருக்கலாம். மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் இழப்பிலும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகை எவ்வளவு? திருத்தச் செலவு அதை விடக் குறைவானால் நிறுவனத்திடம் போவதில் பயனில்லை.

மூன்றாவது, கண்ணாடிக்குப் பணம் வாங்கினால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்ற கழிவு போய் விடுமா? சில நிறுவனங்கள் கண்ணாடிக்காக அதைத் தொடுவதில்லை, சில தொடும். பல வருடங்களாகச் சேர்ந்த கழிவை ஒரு சிறு பொட்டுக்காக இழப்பது நட்டமாக முடியலாம். தொலைபேசியில் கேளுங்கள், கேட்டதைத் திகதியோடு எழுதி வையுங்கள்.

வழமையான காப்புறுதியில் மார்க்கச் சந்தேகம் உள்ள குடும்பங்களுக்கு, பலர் சேர்த்து வைக்கும் பொது நிதியிலிருந்து இழப்புற்றவருக்குக் கொடுக்கும் தகாஃபுல் முறை இருக்கிறது. 1999ஆம் ஆண்டிலிருந்து அமானா தகாஃபுல் நமது நாட்டில் இயங்கி வருகிறது. அங்கும் மேற்சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும். பெயரில் மட்டும் நம்பிக்கை வைத்துப் பத்திரத்தை வாசிக்காமல் விடுவது புத்திசாலித்தனமல்ல.

லொறிக்காரரிடம் கேட்க முடியாதா?

முடியும்; ஆனால் எல்லா வேளையிலும் அல்ல. தார்ப்பாய் போடாமல் அளவுக்கு மீறி ஏற்றிய சுமையிலிருந்து கல் விழுந்திருந்தால் அது லொறியின் கவனயீனம். லொறியின் இலக்கத்தைக் குறித்து, அருகிலுள்ள பொலிஸில் முறைப்பாடு பதிந்தால், லொறியின் மூன்றாம் தரப்புக் காப்புறுதியிடம் இழப்பீடு கேட்க வழி பிறக்கும். வீதியில் கிடந்த கல்லை டயர் தெறித்து விட்டதென்றால் யாருடைய குற்றம் என்று நிறுவுவது கடினம். லொறியைத் துரத்திக்கொண்டு போய் நடுவீதியில் வாய்ச்சண்டை போடுவதால் கண்ணாடி வரப் போவதில்லை; புதிய வில்லங்கம்தான் வரும்.

இன்னொரு வகைக் கல்

சகோதரிகளே, டயரில் தெறித்த கல்லைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். மனிதர் கையால் எறிந்த கல்லையும் இப்பகுதி கண்டிருக்கிறது. 2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனியப் பக்கத்தில் தொடங்கிய வன்முறை அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகள் வரை பரவியது. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வாகனங்களின் கண்ணாடிகள் நொறுங்கின. பல வாகனங்கள் எரிந்தும் போயின. பழைய காயத்தைக் கீறுவதற்காக இதை எழுதவில்லை. இதில் நம் வீட்டுப் பத்திரத்தோடு தொடர்புடைய ஒரு பாடம் இருக்கிறது.

வேலைநிறுத்தம், கலவரம், மக்கள் கொந்தளிப்பு, பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் இழப்புகள் நமது நாட்டில் தனிக் காப்பாகவே கொடுக்கப்படுகின்றன. அதற்கென மேலதிகமாக ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். அந்தத் தொகை அரசின் நிதியமொன்றில் சேர்கிறது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதைப் பராமரிக்கிறது. முழுக் காப்புறுதி எடுத்திருந்தும் இந்தப் பகுதியைச் சேர்க்காமல் விட்டால், கலகக்காரர் எறிந்த கல்லுக்குக் காப்புக் கிடைக்காமல் போகலாம். லொறிக் கல்லும் கலவரக் கல்லும் ஒரே கண்ணாடியைத்தான் உடைக்கின்றன. பத்திரத்தில் அவை இரண்டும் வேறு வேறு!

ஆகவே பத்திரத்தில் ‘கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலப் பத்திரமானால் ‘எஸ்.ஆர்.சி.சி.’ என்ற நான்கு எழுத்துகளும் அதோடு ‘டி’ என்ற எழுத்தும் இருக்கும். இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலின்போது சேர்க்கச் சொல்லுங்கள்.

கராஜில் ஏமாறாமல் இருக்க

2022இல் நமது ரூபாவுக்கு நேர்ந்த கதி எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. நம் வீதிகளில் ஓடும் ஜப்பானியக் கார்களின் கண்ணாடி கடல் கடந்து வருவது. டொலர் ஏறினால் அதுவும் ஏறும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்து விடப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட வருடங்களில் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். இன்றும் பல வீடுகளில் அதே நிலைதான்.

ஆகவே விலை கேட்கும்போது ஓரிடத்தோடு நிற்காமல் மூன்று இடங்களிலாவது கேளுங்கள். கம்பெனிக் கண்ணாடியா, வேறு தயாரிப்பா, பாவித்த கண்ணாடியா என்று தெளிவாகக் கேளுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். பழைய காரிலிருந்து அறுத்தெடுக்கும்போது விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கலாம். வாங்குவதானால் அனுபவமுள்ள பாஸ் ஒருவரை விளிம்பு முழுவதும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய ரகக் கார்களில் முன்புறக் கண்ணாடிக்குள்ளே, பின்னால் பார்க்கும் கண்ணாடியின் அருகே, ஒரு சிறு கமரா இருக்கும். தடை வந்தால் எச்சரிப்பதும் தானே பிரேக் பிடிப்பதும் அதன் உதவியால்தான். கண்ணாடி மாற்றினால் அந்தக் கமராவையும் மீண்டும் சரிபார்த்து அமைக்க வேண்டும். அதற்கான கூலி விலைக்குள் அடங்குமா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

பழைய காலக் கார்களில் ரப்பர் பட்டிக்குள் கண்ணாடியை இருத்துவார்கள். இப்போதைய கார்களில் பசையால் ஒட்டுகிறார்கள். பசை இறுகச் சில மணி நேரம் எடுக்கும். பசைக்குப் பசை இந்த நேரம் மாறும். “எத்தனை மணிக்குப் பிறகு ஓட்டலாம்?” என்று கேட்டு, அதுவரை பொறுத்திருங்கள். முதல் நாள் பக்கக் கண்ணாடியை விரலளவு திறந்து விட்டுக் கதவை மெதுவாகச் சாத்துங்கள். ஓரிரு நாட்களுக்குச் சேர்விஸ் ஸ்டேஷனில் வேகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டாம். பழைய கண்ணாடியில் இருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தைக் கழற்றி எடுக்கவும் மறக்க வேண்டாம். குப்பையோடு போய் விட்டால் அதற்கும் அலைய வேண்டி வரும். வேலை முடிந்ததும் உத்தரவாதம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் மழையில் ஒழுகினால் அதுதான் உங்கள் சாட்சி.

சில இடங்களில் ஒரு யோசனை சொல்வார்கள். “இன்ஷூரன்ஸ்தானே கட்டுகிறது, பில்லைக் கொஞ்சம் கூட்டிப் போடுவோம், இந்தப் பழைய நெளிவையும் சேர்த்து எழுதுவோம்” என்பார்கள். இது பொய், அடுத்தவர் பணத்தை எடுப்பது. அந்தப் பணம் நம்மைப் போன்ற ஆயிரம் குடும்பங்கள் கட்டியது. பிள்ளைகளின் முன்னால் இப்படிப் பேசவும் வேண்டாம்.

நியாயமாகக் கேட்டும் நிறுவனம் மறுத்தால் சோர்ந்து விட வேண்டாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் மேலிடத்துக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லாவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும், காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் முறையிடலாம்.

இரவல் வாகனமும் பாடசாலை வேனும்

கல்யாண வீட்டுக்குப் போக மச்சானின் வேனை இரவல் வாங்குவது நம் வழக்கம். வழியில் கண்ணாடி வெடித்தால் யார் கட்டுவது? “அவர் நம்மவர்தானே” என்று பேசாமல் திருப்பிக் கொடுத்து விட்டு வருவது பெரிய மனஸ்தாபத்துக்கு விதையாகும். இரவல் பொருளின் பொறுப்பைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது, நடந்ததை அன்றே வாகனக்காரருக்குச் சொல்லி, செலவில் பங்கெடுக்க நாமாக முன்வருவது. அவர் வேண்டாம் என்றால் அது அவருடைய பெருந்தன்மை. கேட்காமல் இருக்கும் உரிமை நமக்கில்லை.

பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பாடசாலை வேனின் முன் கண்ணாடியையும் ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். குறுக்கே கோடு ஓடியிருந்தால் சாரதி மழையிலும், இரவில் எதிரே வரும் விளக்கொளியிலும் சரியாகப் பார்க்க முடியாமல் தடுமாறுவார். அவரும் நாளாந்தம் உழைத்துச் சாப்பிடுகிற ஓர் ஏழை மனிதர்தான். புதிய கண்ணாடி அவருக்குப் பெரும் சுமை. ஏசுவதை விட, அந்த வேனில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் கூடிப் பேசி இரண்டு மாதக் கட்டணத்தை முற்பணமாகக் கொடுத்து உதவலாமே! காக்கப்படுவது நம் பிள்ளைகள்தான்.

இன்றிரவு இஷாத் தொழுகை முடிந்ததும் அலுமாரியைத் திறந்து அந்தப் பத்திரத்தை வெளியே எடுங்கள். கண்ணாடிக்கான தொகை, கையிலிருந்து போட வேண்டிய தொகை, கழிவின் நிலை, கலவரக் காப்பு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். நிறுவனத்தின் தொலைபேசி இலக்கத்தையும் அதன் கீழ் எழுதி, ஒரு பிரதியை வாகனத்திலும் ஒரு பிரதியைக் குசினிச் சுவரிலும் வைத்து விடுங்கள். பத்து நிமிட வேலைதான்.